ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, யார் பேச்ச எதுக்கு கேக்கறது?

தம்பி, உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். ஓசூர்ல கம்பெனி வேலை, கைக்கு மாசம் 22 ஆயிரம் வருது, சொந்த ஊரு பாலக்கோடு பக்கம், அப்பா பேர்ல ரெண்டு ஏக்கர், போர்ல தண்ணி இருக்கு, வேலைய விட்டுட்டு வந்து சொட்டுநீர் போட்டு தக்காளியும் சாமந்தியும் வெக்கலாமான்னு ஒரு வருஷமா யோசனை. அப்பா வேணவே வேணாம்ங்கறார், கூட வேல செய்யற ஃப்ரெண்டு இப்பவே பேப்பர் போடுங்கறான், மாமனார் கம்பெனி மாப்ளைன்னுதான் பொண்ணு குடுத்தோம்னு ஜாடையா பேசறார், ராயக்கோட்டை மண்டில தெரிஞ்சவர் ஒருத்தர் தைரியமா எறங்குங்கறார், வீட்டம்மா "உங்க இஷ்டம்"னு மட்டும் சொல்றாங்க. யார்கிட்ட பேசிட்டு வந்தாலும் அன்னிக்கு ராத்திரி அவங்க சொன்னதுதான் சரின்னு படுது, ரெண்டு நாள் கழிச்சு அடுத்தவர் பேச்சு சரின்னு படுது, எனக்கு சொந்த புத்தியே இல்லையான்னு கேட்டு முடிச்சிருக்கீங்க. மேலாக்க பாத்தா இது வேலையா விவசாயமாங்கற கேள்வி மாதிரி தெரியுது. எனக்கு அப்படிப் படல. ஒருத்தர் வாயிலருந்து வர்ற வார்த்தைக்கு எவ்ளோ எடை போடறதுன்னு உங்களுக்குப் பிடிபடல, அதான் ராத்திரி தூக்கத்த கெடுக்குது. அதுக்கு மட்டும் பதில் சொல்றேன், தக்காளி போடுங்க போடாதீங்கன்னு நான் சொல்லப் போறதில்ல.

நான் படிச்சது வேளாண் விரிவாக்கம். தர்மபுரி கிருஷ்ணகிரி ரெண்டும் ஒரே மாவட்டமா இருந்த காலத்துல வேலைக்குச் சேந்து, 2004-ல பிரிச்சதுக்கு அப்பறமும் பென்னாகரம், காரிமங்கலம், சூளகிரின்னு மாறி மாறி 26 வருஷம் ஓடிருச்சு. விரிவாக்கம்னா என்னன்னு வெளிய பல பேருக்குத் தெரியாது. விதை பத்தியும் உரம் பத்தியும் பேசறது அதுல பாதி, மிச்சப் பாதி பூரா ஒரு மனுஷன் யார் சொன்னா கேப்பான், ஏன் கேப்பான், கேட்டுட்டு ஏன் செய்ய மாட்டான்ங்கறதுதான். மனநல டாக்டர் இல்ல நானு, அந்தக் கோணத்துல உங்களுக்கு பயம் படபடப்புன்னு ஏதாவது இருந்தா அதுக்கு வேற ஆளப் பாக்கணும். ஆனா முடிவு எடுக்கற எடத்துல அடுத்தவங்க பேச்சு எப்படி உள்ள பூந்து வேல செய்யுதுன்னு நிறைய பாத்திருக்கேன், அது சம்பந்தமா நடந்த ஆராய்ச்சிகளும் எங்க படிப்புலயே ஒரு பெரிய பாகம்.

முதல்ல அந்த சொந்த புத்தி விஷயத்த பேசிடறேன், ஏன்னா அதுதான் உங்கள அதிகமா அரிக்குதுன்னு நெனைக்கறேன். அமெரிக்காவுல அயோவா மாநிலத்துல 1928 வாக்குல புதுசா வீரிய ஒட்டு மக்காச்சோளம் வந்துச்சு. ப்ரைஸ் ரயன், நீல் கிராஸ்னு ரெண்டு பேர் அங்க 259 விவசாயிங்கள நேர்ல விசாரிச்சு 1943-ல எழுதினாங்க. விதையப் பத்தி முதல்ல காதுல போட்டது பெரும்பாலும் விதை விக்கற ஆளுங்க. ஆனா சரி போட்டுப் பாப்போம்னு மனசு தெளிய வெச்சது பக்கத்து நெலத்துக்காரர். கொறஞ்ச எடத்துல போட்டுப் பாத்து, அக்கம்பக்கம் என்ன ஆச்சுன்னு பாத்து, வருஷக் கணக்குல யோசிச்சுத்தான் மாறுனாங்க, 1941-ல பாத்தா ரெண்டே ரெண்டு பேர் தவிர எல்லாரும் மாறிட்டாங்க. அதே மாதிரி கானா நாட்டுல அன்னாசி புதுசா பரவுன எடத்துல டிமதி கான்லி, கிறிஸ்டபர் உட்ரின்னு ரெண்டு பொருளாதார ஆளுங்க செஞ்ச வேலை 2010-ல வந்துச்சு. பக்கத்துக்காரர் உரம் போட்ட அளவுல எதிர்பாக்காத அளவு நல்லா வந்தா இவங்களும் அந்த அளவு பக்கம் நகர்றாங்க, புதுசா அன்னாசிக்கு வந்தவங்கதான் அதிகமா நகர்றாங்க. அதே ஊர்ல காலங்காலமா போட்டு வர்ற பழைய பயிருக்கு அந்த மாதிரி அடுத்தவனப் பாத்து மாத்திக்கறது தெரியல. தனக்குத் தெரியாத விஷயத்துல மனுஷன் அடுத்தவன் பக்கம் சாயறான், தெரிஞ்சதுல சாயறதில்ல. உங்க கம்பெனில மெஷின் ஓடறதப் பத்தி உங்க மாமனார் ஏதாவது சொன்னா நீங்க ராத்திரி முழிச்சுக்கிட்டா இருப்பீங்க? விவசாயத்த தொழிலா பண்றது உங்களுக்குப் புதுசு, அதனால ஆடுது. புத்தி இல்லாததால இல்ல.

சாயறதுலயும் ரெண்டு விதம் இருக்கு, அத ஒரு சம்பவத்தோட சொன்னாத்தான் புரியும். காரிமங்கலம் பக்கம் ஒரு கிராமத்துல சொட்டுநீர் பத்தி கூட்டம் போட்டோம், புளியமரத்தடில பாய் விரிச்சு ஒரு நாப்பது பேர் உக்காந்திருந்தாங்க. பேசி முடிச்சுட்டு யாருக்கு வேணும் கைதூக்குங்கன்னு கேட்டேன். முன்னாடி கயித்துக் கட்டில்ல உக்காந்திருந்த பெரியவர் ஒருத்தர், ஊர்ல நெலம் நெறைய உள்ளவரு, கைத்தடிய தரைல ஒரு தட்டு தட்டிட்டு "நம்ம கல்லாங்காட்டுக்கு இதெல்லாம் ஆவாது சார், எலி கடிச்சுப்புடும்"னாரு. அவ்ளோதான். ஒரு கை தூக்கல. பின்னாடி உக்காந்திருந்தவங்க கூட ஆமா ஆமா எலித் தொல்ல ஜாஸ்தின்னாங்க. எலி கடிக்கறது உண்மைதான், அதுல பொய் இல்ல. நான் மூட்டையக் கட்டிக்கிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்து வந்தா, டீக்கடைல ஒருத்தர் பின்னாலயே வந்து "சார் அந்த ஃபாரம் ஒண்ணு குடுங்க, யாருக்கும் சொல்லாதீங்க"ங்கறாரு. கொஞ்ச நேரத்துல இன்னொருத்தர் சைக்கிள்ல. பஸ் வர்றதுக்குள்ள அஞ்சு பேர். அந்த அஞ்சு பேரும் மரத்தடில தலையாட்டுனவங்கதான்.

சாலமன் ஆஷ்னு ஒரு உளவியல் பேராசிரியர் 1950-கள்ல செஞ்ச சோதனை இதேதான். ஒரு கோடு காட்டி, பக்கத்துல மூணு கோடு காட்டி, எது அதே நீளம்னு கேக்கறது, சின்னக் கொழந்த கூட சொல்லிரும். ரூம்ல உக்காந்திருக்கறவங்கள்ல ஒருத்தர் தவிர எல்லாரும் முன்னாடியே பேசி வெச்ச ஆளுங்க, குறிப்பிட்ட சுத்துகள்ல எல்லாரும் சேந்து தப்பான கோட்டச் சொல்வாங்க. தனியா கேட்டா நூத்துக்கு ஒரு தடவ கூட தப்பு வராத அந்த விஷயத்துல, கூட்டத்துல வெச்சுக் கேட்டப்ப மூணுல ஒரு பங்குக்கும் கொஞ்சம் மேல தப்பான பதில் வந்துச்சு, நாலுல மூணு பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோட போனாங்க. ஆனா ரெண்டு விஷயத்த ஆளுங்க சொல்லாம விட்டுடறாங்க. கூட்டத்துல ஒரே ஒரு ஆளு சரியான பதில சொல்லிட்டா இந்த தப்பு நாலுல ஒரு பங்கா கொறஞ்சு போச்சு. பதில வாயால சொல்லாம தனியா எழுதிக் குடுக்கச் சொன்னப்பவும் நல்லா கொறஞ்சுச்சு. கண்ணுக்கு கோடு ஒழுங்காத்தான் தெரிஞ்சிருக்கு, பத்து பேர் முன்னாடி வாய் வரல. 1955-ல மார்ட்டன் டாய்ச், ஹெரால்ட் ஜெரார்ட்னு ரெண்டு பேர் இத ரெண்டா பிரிச்சாங்க. அடுத்தவனுக்கு நெஜமாவே நம்மள விட விஷயம் தெரியும்னு நம்பி மாறறது ஒண்ணு, அவன் நம்மள ஒதுக்கிடக் கூடாது, தப்பா நெனைக்கக் கூடாதுன்னு மாறறது இன்னொண்ணு. வெளியில இருந்து பாத்தா ரெண்டும் ஒரே மாதிரி தலையாட்டல்தான்.

இப்ப உங்க ஆளுங்கள எடுத்து வெச்சுப் பாருங்க. மாமனார் சொல்றதுல தக்காளியப் பத்தி ஒரு தகவலும் இல்ல. அவர் சொந்தக்காரங்க மத்தியில மாப்ள என்ன பண்றாருன்னு கேட்டா சொல்லிக்கற ஒரு பதில் போயிடும், பொண்ணு வெயில்ல களை எடுக்கப் போகுமோன்னு ஒரு கவலை, அது ரெண்டும்தான் அந்தப் பேச்சுல இருக்கு. அது பொய் இல்ல, மதிக்க வேண்டிய கவலைதான், ஆனா அது உங்க நெலத்துல காசு வருமா வராதாங்கறதுக்கு பதில் கிடையாது. ஃப்ரெண்டு பேப்பர் போடுங்கறது அவனுக்கே அந்த வேல அலுத்துப் போச்சுங்கறதால இருக்கலாம், நீங்க போனா அவன் மனசுல இருக்கறத நீங்க செஞ்சு காட்டுன மாதிரி. நஷ்டம் வந்தா அவன் வீட்டுல அடுப்பு அணையாது. அப்பா விஷயம் வேற. அவர் வேணாம்னு சொல்றத நீங்க பயம்னு எடுத்துக்கிட்டீங்க, எழுதியிருக்கற தொனில அது தெரியுது. இந்த நாலு பேர்ல அந்த மண்ணுல கால் வெச்சு நின்னவர் அவர் ஒருத்தர்தான். எந்த வருஷம் போர்ல தண்ணி நின்னுச்சு, எந்த மாசம் ஆள் கெடைக்காது, மேற்குப் பக்கம் கரைல ஏன் பயிரு எப்பவும் மஞ்சளா நிக்குது, எல்லாம் அவருக்குத் தெரியும். ஆனா அவருக்கு அத விளக்கிச் சொல்ற பழக்கம் இருக்காது, வேணாம்ங்கற ஒரு வார்த்தைல முடிச்சிருவாரு. அவர் வேணாம்ங்கறத அப்படியே ஏத்துக்கச் சொல்லல. அந்த வேணாம்குள்ள என்ன இருக்குன்னு தோண்டணும். வேணுமா வேணாமான்னு கேக்காம, "அப்பா, கடைசியா தக்காளி போட்டப்ப என்ன ஆச்சு, எவ்ளோ போட்டீங்க, எவ்ளோ வந்துச்சு"ன்னு கேளுங்க. பாதி நேரம் அவரே உக்காந்து பேச ஆரம்பிச்சிருவாரு.

மண்டிக்காரர் பேச்ச கொஞ்சம் விலாவாரியா பாக்கணும், ஏன்னா அவர் பொய் சொல்ல மாட்டாரு, ஆனா அவர் கண்ணுல படறது ஒரு பக்கம்தான். மண்டிக்கு வர்றது காய் எடுத்தவன் மட்டும். நாத்து வாடிப் போனவன், ஊசிப்புழு அடிச்சு பாதில உழுதுட்டவன், பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாதுன்னு காட்டுலயே வுட்டவன் யாரும் மண்டிப் பக்கம் வர்றதில்ல. வெலை ஏறுனாலும் எறங்குனாலும் அவருக்கு சரக்கு வந்தா கமிஷன் உண்டு, அதனால எறங்குன்னு சொல்றது அவருக்கு லேசு. இதுல காலமும் ஒரு பெரிய சங்கதி. 2023 ஜூலைல தக்காளி கிலோ நூறு ரூபா தாண்டுச்சே, ஞாபகம் இருக்கும். எங்க பாத்தாலும் தக்காளி வித்து வீடு கட்டுனான், காரு வாங்குனான்னு பேச்சு. நாத்து விட்டு நட்டு முதல் பறிப்பு வர எப்படியும் மூணு மாசம் கிட்ட ஆகும், நாத்து வெலைக்கு வாங்கி நட்டாலே ரெண்டு மாசம். ஜூலைல கேட்ட பேச்ச நம்பி நட்டவனுக்கு காய் வந்தது செப்டம்பருக்கு மேல, அதுக்குள்ள வெலை தரைக்கு வந்துருச்சு. காதுல விழுந்த சேதி நெஜம், அந்த சேதி யாரோட காய்க்குப் பொருந்தும்னா ரெண்டு மூணு மாசம் முன்னாடி எல்லாரும் வெலை இல்லன்னு விட்டப்ப நட்டவனோட காய்க்கு. அடுத்தவன் அனுபவத்த கேக்கறப்ப அது எப்ப நடந்த அனுபவம்னு கேக்கறது அவ்ளோ முக்கியம். மாந்தோப்புல இது இன்னும் மோசம், கிருஷ்ணகிரில பெங்களூரா மா வெச்சவங்களக் கேட்டுப் பாருங்க, செடி வெச்சு காசு பாக்க நாலஞ்சு வருஷம், அந்த நாலஞ்சு வருஷமும் ஊரே வெச்சிருக்கும்.

அடுத்தது, நம்மளப் பத்தி அடுத்தவங்க சொல்ற குத்தம் குறை. உங்ககிட்ட யாரோ "உனக்கெல்லாம் விவசாயம் வராதுடா, ஏசில வேல செஞ்ச ஒடம்பு"ன்னு சொன்னதா எழுதியிருந்தீங்க, அதப் படிச்சப்ப எனக்கு என் கதை ஞாபகம் வந்துச்சு. வேலைக்குச் சேந்த ரெண்டாவது வருஷம், ஒரு பெரிய கூட்டத்துல பேசிட்டு எறங்குனேன், எனக்கு மேல இருந்த ஒருத்தர் எல்லாரும் கேக்கற மாதிரி "உனக்கு மேடையெல்லாம் ஒத்து வராதுய்யா"ன்னாரு. அதுக்கப்பறம் ரெண்டு வருஷம் நான் மைக் புடிக்கல. யாராவது பேசச் சொன்னா தொண்டை சரியில்லன்னு நழுவிருவேன். அப்பறம் பென்னாகரம் பக்கம் ஒரு கிராமத்துல வேற வழி இல்லாம பேச வேண்டி வந்துச்சு, முடிச்சுட்டு தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்தேன், ராகி கொல்லை வெச்சிருந்த ஒரு பாட்டி கிட்ட வந்து "ஏஞ் சாமி, நீ செவுத்துல மாட்டுன படத்தப் பாத்தே பேசறயே, எங்களுக்கு எங்க கேக்கும்? இப்படித் திரும்பி நின்னு சொல்லு, நல்லாத்தான் சொல்ற"ன்னுச்சு. அடுத்த வாரமே திரும்பி நின்னு பேசினேன். அதுக்கப்பறம் மைக்க நான் விடல. ரெண்டு பேரும் சொன்னது ஒரே குறைதான், என் பேச்சு ஆளுங்களுக்குப் போய்ச் சேரலைன்னு. ஒருத்தர் அத என் மேல ஒட்டுனாரு, ஒருத்தர் நான் செஞ்ச வேலைல காட்டுனாங்க.

இதுக்கு ஆராய்ச்சி பலம் இருக்கு. ஆவ்ரஹாம் க்ளூகர், ஏஞ்சலோ டெனிசின்னு ரெண்டு பேர் 1996-ல, அதுவரைக்கும் நடந்த சோதனைகள்லருந்து 607 முடிவுகள ஒண்ணா வெச்சு அலசுனாங்க. ஒருத்தர் வேலையப் பத்தி அவர்கிட்ட கருத்துச் சொன்னா சராசரியா வேல மேம்படுது, அது உறுதி. ஆனா மூணுல ஒரு பங்குக்கு மேல அப்படிச் சொன்னதால வேல மோசமாப் போச்சு. அவங்க குடுத்த விளக்கம், பேச்சு எந்த அளவுக்கு வேலைய விட்டு ஆளு பக்கம் கவனத்த திருப்புதோ அந்த அளவுக்கு பலன் கொறையுதுன்னு. பாராட்டும் இதுல சேத்தி, நீ பொறவிலயே கெட்டிக்காரன்னு சொல்றதும் ஆளப் பத்தின பேச்சுதான். முடிவு உறுதி, விளக்கம் இன்னும் விவாதத்துல இருக்கறதுதான், ஆனா என் அனுபவத்துல அது ரொம்பப் பொருந்துது. உனக்கு விவசாயம் வராதுங்கற பேச்ச வெச்சு நீங்க எதையும் மாத்த முடியாது. "ரெண்டு ஏக்கர் தக்காளிக்கு பறிப்பு நாள்ல எத்தன ஆளு வேணும்னு உனக்குத் தெரியுமா"ன்னு யாராவது கேட்டா அது கசந்தாலும் அவர விடாதீங்க, உக்கார வெச்சு காப்பி குடுங்க.

சரி, எப்படிக் கேக்கறது? நான் விவசாயிங்ககிட்ட சொல்லி பாத்து பலன் கண்டது ஒண்ணு. யாரையும் கேக்கறதுக்கு முன்னாடி உங்க கணக்க நீங்க ஒரு தாள்ல எழுதிருங்க. ரெண்டு ஏக்கர்ல எவ்ளோ போடுவேன், எந்த வெலை வந்தா தாங்கும், எத்தன மாசம் சம்பளம் இல்லாம குடும்பம் ஓடும், எது நடந்தா நிறுத்திடுவேன், நாலு வரி போதும். இலான் யானிவ்னு ஒரு ஆராய்ச்சியாளர் 2000 வாக்குலருந்து செஞ்ச சோதனைகள்ல, முதல்ல ஆளுங்கள ஒரு மதிப்பு சொல்லச் சொல்லி, அப்பறம் இன்னொருத்தர் மதிப்பக் காட்டுனா, பெரும்பாலும் தன் மதிப்புலருந்து கொஞ்ச தூரந்தான் அவர் பக்கம் நகர்றாங்க, நம்ம காரணம் நமக்குத் தெரியும், அவர் காரணம் தெரியாதுங்கறதால. அதுல அவர் காட்டுனது ஒரு குறைய, ஆளுங்க நல்ல ஆலோசனைய கூட கொறச்சு எடுத்துக்கறாங்கன்னு. உங்க நெலமை அதுக்கு நேர் எதிர். ஒவ்வொருத்தர் பேச்சுக்கும் முழுசா போயிட்டு வர்றீங்க, ஏன்னா நகர்றதுக்கு முன்னாடி நிக்கறதுக்கு உங்களுக்குன்னு ஒரு எடம் எழுதி வெக்கல. தாள்ல எழுதிட்டா அப்பா சொன்னதால மூணாவது வரி மாறுது, மண்டிக்காரர் சொன்னதால எந்த வரியும் மாறலைன்னு கண்ணால பாத்துரலாம்.

அப்பறம் தனித்தனியா கேளுங்க, ஒருத்தர் சொன்னத அடுத்தவர்கிட்ட சொல்லாம, நீங்க எந்தப் பக்கம் சாயறீங்கன்னு காட்டாம. போச்சம்பள்ளி சந்தைல ஆட்டத் தூக்கிப் பாத்து எடை சொல்றவங்களப் பாத்திருப்பீங்க, முதல் ஆளு பதினெட்டுன்னுட்டா அடுத்தவன் வாயில பத்து வராது, பதினேழு பத்தொம்பதுன்னுதான் வரும். பிரான்சிஸ் கால்டன் 1907-ல எழுதுன ஒரு கணக்கு இருக்கு, இங்கிலாந்துல பிளிமத் ஊர்ல ஒரு மாட்டுக் கண்காட்சி, ஒரு மாட்ட அறுத்து சுத்தம் பண்ணா எவ்ளோ எடை வரும்னு 787 பேர் அவங்கவங்க தனித்தனியா சீட்டுல எழுதிப் போட்டாங்க, நடு மதிப்பு 1207 பவுண்டு, நெஜ எடை 1198. அவ்ளோ கிட்ட வந்ததுக்கு தனித்தனியா எழுதுனது ஒரு பெரிய காரணம். 2011-ல ஜூரிக்ல மாணவர்கள வெச்சுச் செஞ்சதுல, ஒருத்தர் பதில அடுத்தவர் பாக்க விட்டப்ப பதில்கள் ஒண்ணுக்கொண்ணு நெருங்கிச்சே தவிர நெஜத்துக்கு நெருங்கல, ஆனா ஆளுங்களுக்கு தைரியம் மட்டும் ஏறிருச்சு. குடும்பத்துல எல்லாரையும் கூடத்துல உக்கார வெச்சு கேக்கறது மரியாதைக்கு சரி, தகவலுக்கு உதவாது.

எங்கள மாதிரி ஆபீசருங்க சொல்றதையும் அப்படியே முழுங்காதீங்க, இத நான் மனசு வலிச்சுச் சொல்றேன். ஒரு வருஷம் பசுமைக்குடில் குடமிளகாய்க்கு எங்களுக்கு இலக்கு இருந்துச்சு, நான் ஒருத்தர நல்லா பேசி சம்மதிக்க வெச்சேன், மானியம் போக மிச்சத்துக்கு அவர் பேங்க்குல கடன் எடுத்தாரு. நான் சொன்ன சாகுபடி முறைல தப்பு இல்ல. அவருக்கு ஏற்கெனவே மகள் கல்யாணத்துக்கு வெளியில வட்டிக்கு வாங்குன கடன் இருந்துச்சு, நான் கேக்கவே இல்ல, அவரும் ஆபீசர்கிட்ட அதெல்லாம் எப்படிச் சொல்றதுன்னு சொல்லல. ரெண்டாவது வருஷம் காத்துல ஷீட்டு கிழிஞ்சப்ப அத மாத்தக் கூட கைல பணம் இல்ல. இப்பவும் அந்த ரோட்டுல போனா அந்த இரும்புக் குழாய் சட்டம் வெறுமனே நிக்கறது தெரியும். பயிரப் பத்தி எனக்குத் தெரிஞ்சுது, அவர் தாங்கற அளவு எவ்ளோன்னு அவருக்குத்தான் தெரியும். அன்னிக்கு அவர் என்கிட்ட எதிர்க் கேள்வி கேட்டிருக்கணும்னு எனக்கு ஆதங்கம், ஆனா கேக்க விடற மாதிரி நான் பேசலையேங்கறதுதான் அத விடப் பெருசு.

இதுல எது கெட்டி எது லேசுன்னும் சொல்லிடணும். கூட்டத்துக்கு முன்னாடி ஆளுங்க சொந்தக் கண்ண விட்டுக் குடுக்கறாங்கங்கறது பல நாட்டுல திரும்பத் திரும்பப் பாத்தது, 1996-ல 17 நாடுகள்ல நடந்த 133 சோதனைய சேத்துப் பாத்தப்ப குடும்பம் சுற்றம்னு சேந்து வாழற சமூகங்கள்ல இது கூடுதலாவே தெரிஞ்சுது. ஆனா அதெல்லாம் கோடு பாக்கற சோதனை, தப்பாச் சொன்னா சாயங்காலம் வீட்டுக்குப் போயிரலாம். அத வெச்சு உங்க வாழ்க்க முடிவுல இவ்ளோ சதவீதம் மாமனாரு பேச்சுன்னு கணக்கு போட முடியாது. நம்ம ஊர்ல மாமனார் முகம் கோணறதுக்கு நெஜமான வெலை உண்டு, நாளைக்கு அவசரத்துக்கு கை நீட்ட வேண்டியது அவர்கிட்டதான் இருக்கும், அதனால ஊருக்காக மாறறது எல்லாமே கோழைத்தனம்னு சொல்ற பேச்ச நான் ஒத்துக்க மாட்டேன். தாள்ல அதையும் ஒரு செலவா எழுதுங்க. உங்க மண்ணு எப்படி, போர் எத்தன அடி, கோடைல எத்தன மணி நேரம் ஓடும், இதெல்லாம் நேர்ல பாக்காம நான் ஒண்ணும் சொல்ல முடியாது.

கடைசியா ஒண்ணு. நீங்க எழுதுனதுல எல்லார் பேச்சும் நாலு வரி அஞ்சு வரி இருக்கு, உங்க வீட்டம்மா பேச்சு ரெண்டே வார்த்தை. நீங்க வேலைய விட்டா மாசாமாசம் அரிசி, கொழந்த ஸ்கூல் பீஸ், ஆஸ்பத்திரின்னு எல்லாத்தையும் இழுத்துப் புடிக்கப் போறது அவங்க, மாமனாரு வீட்டுக்குப் போனா பேச்சு வாங்கப் போறதும் அவங்க. புளியமரத்தடில தலையாட்டிட்டு டீக்கடைக்கு வந்தாங்களே அந்த அஞ்சு பேரு, அவங்கள மாதிரி இவங்ககிட்டயும் ஏதோ இருக்கும்னு நெனைக்கறேன். உங்க அப்பா, அவங்க அப்பா எல்லாரும் இருக்கற எடத்துல, இல்லன்னா நீங்க ஏற்கெனவே முடிவு பண்ணிட்ட மாதிரி பேசற எடத்துல, உங்க இஷ்டம்ங்கறத தவிர வேற என்ன சொல்வாங்க. நைட் ஷிப்ட் இல்லாத ஒரு நாளு, கொழந்த தூங்குனதுக்கு அப்பறம், அந்தத் தாள அவங்க கைல குடுத்து, நீங்க ஒண்ணும் பேசாம, இதுல எந்த வரி தப்பா இருக்குன்னு மட்டும் கேளுங்க. பேனாவும் குடுங்க.